துணிக்கு அந்தப் பக்கம்

லெட்சுமணன்: ...பாம்பு கடிச்சவன் பாடுவானாடி? நுரை தள்ள வேண்டிய நேரத்துல ராகம் இழுக்கிறான்!

கிருஷ்ணம்மா: மெதுவா. பாப்பா இப்பத்தான் கண்ணை மூடுச்சு.

லெட்சுமணன்: அந்த மந்திரி செத்து முடியறதுக்குள்ள பக்கத்து நாற்காலியில நம்ம தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு சுருட்டை முழுசாக் குடிச்சு முடிச்சுட்டாரு. பேசும் படம், பேசும் படம்னு சிங்கப்பூர்ல இருந்து லாரி வச்சுக் கொண்டாந்தானுங்க. பேசினது எங்க? தண்ணி கேக்க ஒரு பாட்டு. கதவைத் திறக்க ஒரு பாட்டு. திறந்த கதவைச் சாத்த ஒரு பாட்டு!

வெள்ளையம்மா: கங்காணி அண்ணே, அந்த மந்திரி பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு? நான் அழுதுட்டேன்.

லெட்சுமணன்: வெள்ளையம்மா, நீ உன் வீட்ல இருக்கியா, என் வீட்ல இருக்கியா?

வெள்ளையம்மா: என் வீட்லதாண்ணே. லயத்துல நடுப்பலகை கூரை வரைக்கும் இல்லையே, நான் என்ன செய்ய? காதை அறுத்தா போட முடியும்?

கிருஷ்ணம்மா: விடு வெள்ளையம்மா. பக்கத்து வீட்ல நீ இருக்கிறதை இவரு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் புதுசாக் கண்டுபிடிக்கிறாரு.

லெட்சுமணன்: போன மாசம் குளுவாங் கொட்டகையில ஒண்ணு பார்த்தேனே, அது படம். ஊமைப் படம்தான். குதிரை என்ன, கத்திச் சண்டை என்ன... ஓரமா ஒருத்தன் குச்சியை வச்சுக்கிட்டு, 'இதோ வர்றான் பார் துரோகி'ன்னு கதை சொல்லுவான்.

கிருஷ்ணம்மா: அன்னைக்கும் திட்டிக்கிட்டுத்தானே வீடு வந்து சேர்ந்தீங்க?

லெட்சுமணன்: பாதியில அந்தக் குச்சிக்காரன் தூங்கிட்டான்லா! நல்லவன் யாரு, துரோகி யாருன்னு தெரியாம மொத்தக் கொட்டகையும் துரோகிக்குக் கை தட்டுது. திட்டாம என்ன செய்வாங்க?

வெள்ளையம்மா: நீங்களும் தட்டினீங்களாண்ணே?

லெட்சுமணன்: ...கொஞ்சம் தட்டினேன்.

கிருஷ்ணம்மா: அதான் கோவம்.

வெள்ளையம்மா: அப்போ நேத்துப் படத்துல எதுவுமே பிடிக்கலையா?

லெட்சுமணன்: ராஜா. அந்த ஒருத்தன்தான் ஆம்பளை. கந்தலைக் கட்டிக்கிட்டுப் பிச்சைக்காரன் வேஷத்துல வந்து, பொண்டாட்டி உத்தமியான்னு சோதிச்சுப் பார்த்தான் பாரு... அந்த நடை, அந்தப் பார்வை! கந்தல்ல இருந்தாலும் ராஜா ராஜாதான்.

கிருஷ்ணம்மா: த்தூ.

லெட்சுமணன்: என்னது?

கிருஷ்ணம்மா: அடுப்புப் புகை.

லெட்சுமணன்: புகைக்கா துப்பின?

கிருஷ்ணம்மா: பொய் வேஷம் போட்டவன் அவன். வாசல்ல நின்னு புளுகினவன் அவன். நெருப்புல கை வைக்கணும்னா மட்டும் அவளா? நல்ல ராஜா! அவ பாட்டுக்குக் கையை வச்சுட்டு, கடைசியில அவன் கால்ல விழுந்து கும்பிடுறா. நானா இருந்தா அந்தத் திருவோட்டைப் பிடுங்கி அவன் தலையில கவுத்திருப்பேன்.

லெட்சுமணன்: படத்துக்கே வராதவ பேசுற பேச்சைப் பாரு!

கிருஷ்ணம்மா: வெள்ளையம்மாதான் காலையில குழாயடியில முழுக் கதையும் சொன்னா.

வெள்ளையம்மா: நான் எங்கக்கா... நான் பாட்டை மட்டும்தானே பாடிக் காமிச்சேன்?

கிருஷ்ணம்மா: நீ பாடினதுலயே கதை தெரிஞ்சுபோச்சு.

லெட்சுமணன்: படம் கிடக்கட்டும். வெள்ளையம்மா, உன்னை ஒண்ணு கேக்கணும். நேத்து நம்ம மேல்லயத்துப் பொம்பளைங்க எல்லாரும் படம் காட்டின துணிக்கு முன்னாலதானே இருந்தீங்க?

வெள்ளையம்மா: ஆமாண்ணே. கிராணி வீட்டம்மாவுக்குப் பின்னால வரிசையாப் பாய் போட்டு.

லெட்சுமணன்: ஒருத்திகூட அந்தப் பக்கம் போகல?

வெள்ளையம்மா: துணிக்குப் பின்னாலயா? கீழ்லயத்து ஆளுங்க இருக்கிற பக்கமா? அலமாக்! யாரு போவா? ஏண்ணே?

லெட்சுமணன்: கள்ளுக்கடைக்குப் போனேன். நாலு பேரு முன்னால கிராணி கேக்குறாரு: 'என்ன கங்காணி, உன் லயத்துப் பொம்பளை ஒருத்தி முக்காட்டைப் போட்டுக்கிட்டு அந்த ஜனத்தோட ஒரே பாயில உக்காந்திருந்தாளாமே? உன் அதிகாரம் அவ்வளவுதானா?' எல்லாரும் சிரிக்கிறானுங்க. கையில எடுத்த கள்ளை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

கிருஷ்ணம்மா: ஓ... அதுக்குத்தான் பாம்பு கடிச்ச மந்திரி மேல இவ்வளவு கோவமா?

லெட்சுமணன்: சிரிக்காதே. நாளைக்குப் பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறதுக்குள்ள எனக்குப் பேரு தெரியணும். அவளுக்குப் பாய் போட்டுக் கொடுத்த கீழ்லயத்துக்காரி எவளோ, அவளுக்கு இந்தத் தோட்டத்துல இனிமே வேலை இல்ல. மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். கிராணிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.

வெள்ளையம்மா: பாய் கொடுத்தவளாண்ணே? போனவளை விட்டுட்டு?

லெட்சுமணன்: போனவ நம்ம ஜாதி. அவ பேரை வெளியில விட்டா நமக்குத்தானே கேவலம்? நீ விசாரிச்சு வை, வெள்ளையம்மா.

வெள்ளையம்மா: நான் எதுக்குண்ணே... குழாய்ல தண்ணி வந்திருக்கும். குடத்தை வச்சுட்டு வந்தேன். போறேன்.

கிருஷ்ணம்மா: உக்கார இடம் கொடுத்தது ஒரு குத்தமா?

லெட்சுமணன்: அவ கொடுக்காம இருந்திருந்தா இவ உக்காந்திருப்பாளா?

கிருஷ்ணம்மா: ஒரே படம். ஒரே துணி. ஒரே வெளிச்சம். ஓரமா நின்னு வாளியில தண்ணி மொண்டு மொண்டு துணியை நனைச்சது யாரு? அவங்கதானே? நனைச்சாத்தான் படம் அந்தப் பக்கம் தெரியும்னு, அதுக்கும் அவங்களே தண்ணி சுமக்கணும். அவங்க நனைச்ச துணியில நீங்க படம் பார்க்கலாம். அவங்க பாயில உக்காந்தா மட்டும் தீட்டு.

லெட்சுமணன்: வழக்கம்னு ஒண்ணு இருக்குடி. துரை வச்சதில்ல, நான் வச்சதில்ல. கப்பலேறி வந்தப்பவே கூட வந்தது. அந்த ராஜாவையே எடுத்துக்க. பிச்சைக்காரனாத் திரிஞ்சாலும் சேரிப் பக்கம் போய்த் தண்ணி குடிச்சானா? அரண்மனை வாசல்லதான் கையேந்தினான். அது பிறவி! வேஷத்துல மறைக்க முடியாது.

கிருஷ்ணம்மா: ஆமா, பெரிய பிறவி! ராணி இலை போட்டுச் சோறு வச்சா, இடது கையால அள்ளி அள்ளித் தின்ன பிறவி!

லெட்சுமணன்: என்ன சொன்ன?

கிருஷ்ணம்மா: ஒண்ணுமில்ல.

லெட்சுமணன்: இடது கையா?

கிருஷ்ணம்மா: பம்பாய்ல எடுத்த படமாம். அந்த ஊர்ப் பழக்கமோ என்னவோ. முந்தானையைக்கூட வலது தோள்லதான் போட்டிருந்தாளுங்களாம்... வெள்ளையம்மா சொன்னா.

லெட்சுமணன்: வெள்ளையம்மா முன்னால உக்காந்திருந்தா.

கிருஷ்ணம்மா: அதுக்கு என்ன?

லெட்சுமணன்: முன்னால இருந்து பார்த்தா ராஜா வலது கையாலதான்டி சாப்பிடுறான். பின்னால இருந்து பார்த்தாத்தான் வலது இடதாத் தெரியும். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. துணிக்கு அந்தப் பக்கத்து ஜனம் அத்தனையும், ராஜான்னாலே இடது கைக்காரன்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டிருக்கு. ஊர்ல, டெண்டுக் கொட்டகையில, சின்னப் பையனா இருந்தப்ப நானே...

கிருஷ்ணம்மா: நீங்களே?

லெட்சுமணன்: பேச்சை மாத்தாதே! முக்காடு போட்டுக்கிட்டுப் போனது நீயா? சொல்லு... நீதானா?

கிருஷ்ணம்மா: நான்தான்.

லெட்சுமணன்: அடி பாவி... நான் ஊரெல்லாம் தேடுறேன். சளி பிடிச்ச புள்ளையைத் தூக்கிக்கிட்டு, அந்தப் பனியில...

கிருஷ்ணம்மா: புள்ளைக்குச் சளின்னு சொன்னது நீங்க. வீட்டை விட்டு வெளியே வராதேன்னு சொன்னதும் நீங்க. அது நல்லா குதிச்சு விளையாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இல்லாத சளியை எதுக்குக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கு அப்பப் புரியல.

லெட்சுமணன்: அதுக்கு? நான் வேணாம்னா வேணாம்தான்!

கிருஷ்ணம்மா: ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற பொம்பளைக்கு வருசத்துல ஒரு நாள் படம். ஊரே போகுது. நான் மட்டும் விளக்கை அணைச்சுட்டு சுவத்தைப் பார்த்துப் படுக்கணுமா? முன்னால வந்தா உங்க கண்ணுல படுவேன். பின்னால போனா, நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. போனேன்.

லெட்சுமணன்: எவ பாய்ல உக்காந்த?

கிருஷ்ணம்மா: அதை எதுக்குக் கேக்குறீங்க? நாளைக்கு வேலையை விட்டு விரட்டவா?

லெட்சுமணன்: பேரைச் சொல்லு!

கிருஷ்ணம்மா: காளியம்மா.

லெட்சுமணன்: ...

கிருஷ்ணம்மா: கீழ்லயத்துக் காளியம்மா. ஏன், சத்தத்தையே காணோம்? இவ்வளவு நேரம் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே?

லெட்சுமணன்: அவளா... அவ உன்கிட்ட என்ன பேசினா?

கிருஷ்ணம்மா: படத்தைப் பத்திப் பேசினா.

லெட்சுமணன்: வேற?

கிருஷ்ணம்மா: ராஜா மூஞ்சியில சாம்பல் பத்தலைன்னா.

லெட்சுமணன்: விளையாடாதே, கிருஷ்ணம்மா! வேற என்ன சொன்னா?

கிருஷ்ணம்மா: அவ ஒண்ணும் சொல்லல. நான் சொல்றேன், கேளுங்க. சுருள் மாத்துறதுக்கு நிறுத்தினாங்களே, ஒரே இருட்டா இருந்துச்சே... அப்ப ஒருத்தர் குனிஞ்சு குனிஞ்சு வந்தாரு. காளியம்மாவுக்கு அந்தப் பக்கமா வந்து குந்தினாரு. அவ மடியில ஒரு கச்சாங் கடலைப் பொட்டலத்தை வச்சாரு. படம் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. அவரு எழுந்திருக்கல. அவ ஒவ்வொரு கடலையா உரிச்சு, தோலை ஊதிட்டு, அவரு கையில வைக்கிறா. அவரு பச்சைப் புள்ளை மாதிரி வாங்கி வாங்கித் திங்கிறாரு. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, பாப்பா தலையை நெஞ்சோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அப்பான்னு கூப்பிட்டுடக் கூடாதேன்னு.

லெட்சுமணன்: நீ... பக்கத்துலயா...

கிருஷ்ணம்மா: அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நான். நடுவுல அவ. பாவம், அவ எங்க படத்தைப் பார்த்தா?

லெட்சுமணன்: தெரிஞ்சுபோச்சுல்ல? சரி.

கிருஷ்ணம்மா: என்ன சரி?

லெட்சுமணன்: ஆமா. அப்படித்தான்.

கிருஷ்ணம்மா: எப்படித்தான்?

லெட்சுமணன்: தொடுப்புன்னே வச்சுக்க! ஆம்பளை. கங்காணி. இல்லாததா, ஊர்ல நடக்காததா? போதுமா?

கிருஷ்ணம்மா: சீ!

லெட்சுமணன்: கத்தாதே...

கிருஷ்ணம்மா: சீ! வாயைக் கழுவுங்க! என்ன வார்த்தை சொல்றீங்க? யாரைச் சொல்றீங்க? அந்தக் கையால கடலை வாங்கித் தின்ன வாயா இது?

லெட்சுமணன்: நானே ஒத்துக்கிட்டேன்ல? போய் உங்கப்பாகிட்ட சொல்லு. வந்து கத்துவாரு. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு. அப்புறம் மாப்பிள்ளைன்னு வந்து உக்காந்து கஞ்சி குடிப்பாரு. அதோட முடிஞ்சுது.

கிருஷ்ணம்மா: ஓ... கணக்குப் போட்டுத்தான் சொன்னீங்களா? இதுன்னா ஒரு வாரத்துல முடிஞ்சுடும். நிசத்தைச் சொன்னா முடியாது. அதனால இந்த அசிங்கத்தை எடுத்து அவ மேல பூசுறீங்க.

லெட்சுமணன்: எந்த நிசம்? என்ன நிசம்?

கிருஷ்ணம்மா: நீங்களே சொல்லுங்க.

லெட்சுமணன்: சொல்றதுக்கு ஒண்ணுமில்ல! நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் கிராணிகிட்ட அவ பேரைத்தான் கொடுக்கப் போறேன். பெக்கோக் பக்கத்துல ஒரு தோட்டத்துல எனக்குத் தெரிஞ்ச கங்காணி இருக்கான். சொல்லி அனுப்புறேன். அங்கேயும் பால் மரம்தான், இங்கேயும் பால் மரம்தான். போகட்டும். எல்லாருக்கும் நல்லது.

கிருஷ்ணம்மா: எல்லாருக்குமா?

லெட்சுமணன்: ஆமா.

கிருஷ்ணம்மா: புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துட்டு ஒத்தையாக் கிடக்கிற பொம்பளை. போன வருசமே பெக்கோக்ல இருந்து அவங்க ஆளுங்க வந்து கூப்பிட்டாங்க. போனாளா? தினமும் விடியக்காலை பெரட்டுல, நீங்க விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு பேராக் கூப்பிடுறப்ப, அவ பேருக்கு 'இருக்கேன்'னு ஒரு சத்தம் கொடுக்கிறாளே... அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் இந்தத் தோட்டத்துல கிடக்கிறா. உங்களுக்குத் தெரியாது?

லெட்சுமணன்: தெரியாது.

கிருஷ்ணம்மா: அன்னைக்கு மழையில மத்தவங்களை எல்லாம் அனுப்பிட்டு அவளை மட்டும் கடைசி வரைக்கும் நிக்க வச்சுத் திட்டினீங்களே. ஏன் இந்த மனுசன் அவகிட்ட மட்டும் இவ்வளவு கொடுமையா இருக்கான்னு லயமே பேசிச்சு.

லெட்சுமணன்: அப்படித் திட்டினாத்தான் எவனும்...

கிருஷ்ணம்மா: எவனும் சந்தேகப்பட மாட்டான். அதானே? சொல்லி முடிங்க.

லெட்சுமணன்: உஷ்... குடம் வைக்கிற சத்தம். வெள்ளையம்மா வந்துட்டா.

வெள்ளையம்மா: அக்கா, குழாய்ல தண்ணி நிக்கப் போகுது, வேணும்னா போய்ப் பிடிச்சுக்க... என்ன, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? படம் முடிஞ்சுதா?

கிருஷ்ணம்மா: இல்ல வெள்ளையம்மா. சுருள் மாத்துறாங்க.

வெள்ளையம்மா: நல்லா மாத்துங்க, மாத்துங்க. நான் வெங்காயம் உரிக்கணும்.

லெட்சுமணன்: இங்க பாரு... மெதுவாவே பேசு. காலைப் பிடிச்சுக் கேக்குறேன்னு வச்சுக்க. கிராணிக்கு ஒரு பேரு வேணும். நான் கொடுத்தே ஆகணும்.

கிருஷ்ணம்மா: என் பேரைக் கொடுங்க. 'முக்காடு போட்டுக்கிட்டு இருந்தது என் பொண்டாட்டி, நான்தான் போகச் சொன்னேன்'னு சொல்லுங்க. முடிஞ்சுது.

லெட்சுமணன்: முடியுமா? ஏன் போகச் சொன்னேன்னு கேப்பாரு. நீ எந்த ஊருடா, உன் வீட்டு ஆளுங்க யாருடான்னு கேப்பாரு. இன்னைக்கு வரைக்கும் எவனும் கேக்கல. ஒரு கேள்வி வந்துச்சுன்னா பின்னாலயே இன்னொண்ணு வரும். கங்காணி வேலை போகும். உங்கப்பா உன்னைத் தலை முழுகிடுவாரு. பாப்பாவை நாளைக்கு எவன் கட்டுவான்? நான் எதுக்குடி இவ்வளவு வருசம்...

கிருஷ்ணம்மா: அழாதீங்க. எனக்கு இன்னும் கோவம்தான் வருது.

லெட்சுமணன்: அவ போயிடட்டும், கிருஷ்ணம்மா.

கிருஷ்ணம்மா: அவ பேரை நீங்க சொன்ன உடனே நான் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு அவகூடவே பாலோ ரயில் ஸ்டேசனுக்கு நடப்பேன். முக்காடு போடாம நடப்பேன். கிராணி, துரை, எங்கப்பா... எல்லாரும் பார்க்கட்டும்.

லெட்சுமணன்: யாரோ ஒருத்திக்காகவா? உக்காரப் பாய் போட்டாங்கிறதுக்காகப் புருஷனை விட்டுட்டுப் போவியா? அவ உனக்கு யாருடி? உறவா? ஜாதியா?

கிருஷ்ணம்மா: சத்தமாச் சொல்லவா, மெதுவாச் சொல்லவா?

வெள்ளையம்மா: அக்கா, ஏதாவது கேட்டியா?

கிருஷ்ணம்மா: உன்னை இல்ல, வெள்ளையம்மா. இவரைக் கேட்டேன்.

லெட்சுமணன்: ...மெதுவா.

கிருஷ்ணம்மா: உங்க கூடப் பொறந்த அக்கா எனக்கு நாத்தனாருங்க. நீங்க என்னைப் பொண்ணு கேட்டு வந்துட்டுப் போன மறுநாளே, அவ ஆத்தோரத்துல என்னை நிறுத்தி, 'என் தம்பி உங்க ஜாதி இல்லம்மா, கப்பல் ஏறினப்ப மாத்திச் சொல்லிட்டான், தெரியாமக் கட்டிக்கிட்டு அப்புறம் அழாதே'ன்னு சொல்லிட்டா... தெரிஞ்சுதான் கழுத்தை நீட்டினேன்.